ஹாம்ப்டனில் பக்கத்து இருக்கைப் பாட்டி: ஸ்காட்லாந்து மகளிர் கோப்பை இறுதி ஆட்டம், நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோவில்பட்டி – கிளாஸ்கோ

ஹாம்ப்டன் பார்க்கிலிருந்து எங்கள் வீடு நடந்தே பன்னிரண்டு நிமிடம்தான். ஆனாலும் ஆறு வருடமாக அந்த மைதானத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். பெரிய ஆட்டம் உள்ள நாளில் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, மவுண்ட் ஃபுளோரிடா ஸ்டேஷனில் கூட்டம் நெரியும், அதற்குள் கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வந்துவிட வேண்டும். எனக்கும் கால்பந்துக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். 2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை, முதன்முதலாக உள்ளே போனேன். மகளிர் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டம், கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்புகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும். மகளிர் கோப்பையின் இறுதி ஆட்டம் ஹாம்ப்டனில் நடந்ததே அதுதான் முதல் தடவை.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமை காலையில் பக்கத்துப் பூங்காவில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள், வலது கால் விங்கர், அதாவது ஓரமாக ஓடி ஆடுகிறவள், என்று தன்னைச் சொல்லிக்கொள்வாள். அவளுடைய குழுப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள் என்று நச்சரித்து டிக்கெட் வாங்க வைத்தாள். வாங்கியதுதான் வாங்கினேன், குழுவோடு சேர்த்து இடம் கேட்கத் தெரியவில்லை, நாங்கள் இரண்டு பேரும் தனியாக வேறு வரிசையில் போய் உட்கார வேண்டியதாயிற்று. முதலில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, எந்த அணியின் நிறமும் இல்லாத சாம்பல் கோட்டு, கழுத்தில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மகள் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, "என்ன ஹென், இன்னும் ஆட்டமே தொடங்கவில்லையே" என்றார். ஹென் என்றால் கோழிதான், இங்கே கிளாஸ்கோவில் பெண் பிள்ளைகளை, பெரிய பெண்களைக்கூட அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் கண்ணு என்கிறோமே, அது மாதிரி.

கைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த டேப்ளட்டை எடுத்து நீட்டினார். சர்க்கரை, வெண்ணெய், கெட்டிப்பால் போட்டுக் கிளறி வெட்டி எடுக்கிற மிட்டாய், நம் பால்கோவாவை இறுக வைத்த மாதிரி பல்லில் மணல் மணலாகக் கரையும். என் பையில் அம்மா அனுப்பிய கடலை மிட்டாய் இருந்தது, நானும் எடுத்துக் கொடுத்தேன். இப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

அந்த இரண்டு அணியும் வந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். சரியாக ஒரு வாரம் முன்னால்தான் லீக்கின் கடைசி நாள். ரேஞ்சர்ஸின் மைதானமான ஐபிராக்ஸில், தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நேரத்தில் லாரன் டேவிட்சன் போட்ட ஒரே ஒரு கோலில் கிளாஸ்கோ சிட்டி என்ற மூன்றாவது அணி பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த கோல் விழும்வரை அன்றைக்கு லீக் பட்டம் தங்களுக்குத்தான் என்று செல்டிக் நினைத்துக்கொண்டிருந்தது, கோலை வாங்கியது ரேஞ்சர்ஸ். ஆக, ஒரே கோலில் அடிபட்ட இரண்டு அணிகள் ஏழு நாள் கழித்து எதிரெதிரே நின்றன. இது எதுவும் எனக்கு முன்பே தெரியாது, பாட்டிதான் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஆட்டம் 2-0, செல்டிக் ஜெயித்தது. ரேஞ்சர்ஸ் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அழுததும், பச்சை வெள்ளைக் கோடு போட்ட பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்றதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் நான் எழுத வந்தது இடைவேளையில் நடந்ததைப் பற்றி.

மகள் சும்மாதான் கேட்டாள், "நீங்கள் ஃபுட்பால் ஆடியிருக்கிறீர்களா?" என்று. பாட்டி பதில் சொல்லவில்லை. குனிந்து கால்சட்டையின் ஒரு காலை மெதுவாக முழங்காலுக்கு மேல் சுருட்டினார். முட்டிக்குக் கீழே தோலுக்கு அடியில் நாலைந்து புள்ளிகள், பென்சில் முனை குத்தி உள்ளேயே தங்கிவிட்ட மாதிரி நீலமும் கறுப்புமாக. "தொட்டுப் பார்" என்றார். மகள் ஒரு விரலால் தொட்டாள். அது ப்ளேஸ் மைதானத்துக் கல்லாம். சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டும் பாறைக் கழிவை எரித்து, நொறுக்கி, செங்கல் நிறத்தில் பரப்பிய தரைக்குத்தான் இங்கே ப்ளேஸ் என்று பெயர். புல்லே கிடையாது. மழையில் சேறாகும், வெயிலில் சரளையாகும், விழுந்தால் முட்டி கிழியும். அம்மா பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவாராம், அப்படியும் வராத கற்கள்தான் இவை, ஐம்பது வருடமாக இருக்கின்றன.

ஏன் அதில் ஆடினீர்கள் என்று கேட்டேன். "புல் மைதானத்தை எங்களுக்கு யார் கொடுத்தது?" என்றார், கோபமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி தேடித் தேடிப் படித்தேன். பெண்கள் கால்பந்தை அந்தந்த நாட்டுச் சங்கங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்று 1971இல் ஐரோப்பிய சங்கத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது 31 நாடுகள் ஆதரித்திருக்கின்றன. எதிர்த்தது ஒரே ஒரு நாடு, ஸ்காட்லாந்து. 1974இல்தான் ஸ்காட்லாந்துச் சங்கம் இறங்கி வந்தது. இடையில் 1972 நவம்பரில் க்ரீனாக்கில் ரேவன்ஸ்கிரேக் மைதானத்தில் இங்கிலாந்தோடு முதல் அதிகாரபூர்வமான ஆட்டம் நடந்து 3-2 என்று தோற்றார்கள். சொந்தச் சங்கத்தின் ஆதரவு இல்லாமல் ஆடிய அந்தப் பெண்களுக்கு நாட்டுக்காக ஆடியதற்கான தொப்பி கிடைத்தது 2019இல், நாற்பத்தேழு வருடம் கழித்து. அந்த அணியில் இருந்த ரோஸ் ரைலி பிறகு இத்தாலிக்குப் போய் அந்த நாட்டு அணிக்கே ஆடியவர். ஹாம்ப்டன் உள்ளேயே இருக்கும் அருங்காட்சியகத்தின் புகழ்வரிசையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான், 2007இல்.

எங்கள் பாட்டி அந்த அணியில் இருந்தவர் இல்லை, தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு குழுவில் ஆடியவர். "இன்றைக்கு யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான், எந்தத் தரையில் ஆடுகிறார்கள் என்று பார்க்க வந்தேன்" என்றார். இதுபோல யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கோப்பை ஆட்டம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

வியாசர்பாடி – எடின்பரோ

அக்கா, பாட்டி முட்டி விஷயம் படிச்சு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் வியாசர்பாடிக்காரன், சின்ன வயசில் எங்களுக்கும் மண் தரைதான், என் முட்டியையும் காட்டலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நீங்கள் போன ஆட்டத்துக்கு வந்தவர்கள் 10,446 பேர். ஹாம்ப்டனில் ஐம்பத்தொன்றாயிரம் இருக்கை இருக்கிறது. நாற்பதாயிரம் காலி இருக்கைக்கு நடுவில் ஒரு இறுதி ஆட்டம் ஆடினால் சத்தம் மேலே போய்க் காற்றில் கரைந்துவிடும். அதுவும் ஹாம்ப்டன் முட்டை வடிவம், கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆடுகளம் எங்கேயோ இருக்கும். நான் பார்த்த இறுதி ஆட்டம் எடின்பரோவில் இருக்கும் டைன்காசில் மைதானத்தில், 2019 நவம்பர் 24. அதைவிட நல்ல இடம் இருக்கிறதாக நான் நம்பவில்லை.

படிக்க வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, கையில் காசு கிடையாது, குளிருக்கு ஏற்ற ஷூ கிடையாது. வகுப்பில் ஒரு பெண் எடின்பரோ அணியான ஹிபர்னியனின் ரசிகை, கூட்டிப் போனாள். ஹேமார்க்கெட்டில் இறங்கி கார்ஜி ரோட்டில் நடந்தால் ஒரு வாசனை வரும், அங்கே தானிய விஸ்கி காய்ச்சும் பெரிய ஆலை இருக்கிறது, அதிலிருந்து வருவது. நெல் அவிக்கிற வாசனைதான், அச்சு அசலாக. தாத்தா ஊர் அரிசி ஆலை ஞாபகம் வந்து நடுரோட்டில் நின்றேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆட்டம் ஹிபர்னியனும் கிளாஸ்கோ சிட்டியும். 2016, 2017, 2018 மூன்று வருடமும் கோப்பை ஹிபர்னியனுக்கே. அதில் 2018 இறுதியில் மதர்வெல்லை 8-0 என்று அடித்திருந்தார்கள். எதிரே கிளாஸ்கோ சிட்டி, அந்த வருடத்தோடு லீக் பட்டம் தொடர்ச்சியாகப் பதின்மூன்றாவது முறை, ஆனால் கோப்பையை 2015க்கு அப்புறம் தொடவே முடியவில்லை. இன்னொன்று, கிளாஸ்கோ சிட்டிக்குப் பின்னால் ஆண்கள் கிளப் எதுவும் கிடையாது. 1998இல் லாரா மாண்ட்கோமரி, கரோல் ஆன் ஸ்டூவர்ட் என்று இரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கியது. பெரிய மைதானம், பெரிய பணம், நூறு வருடப் பெயர் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் நட்டு வளர்த்த மரம். அதனாலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்குத் தெரியாமல் மனசுக்குள் அவர்களுக்குத்தான் ஆதரவு.

4-3. ஏழு கோல். எங்கள் ஏரியா டோர்னமென்ட் தவிர ஒரு இறுதி ஆட்டத்தில் நான் அவ்வளவு கோல் நேரில் பார்த்ததே இல்லை. கடைசி நிமிடங்களில் கிளேர் ஷைன் போட்ட கோலில் சிட்டி ஜெயித்தது. டைன்காசிலில் கேலரி ஆடுகளத்தை ஒட்டியே இருக்கும், வீராங்கனைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது, பந்தில் கால் படுகிற சத்தம், தடுக்கப் பாய்கிறவர் மூச்சு வாங்குவது எல்லாம் கேட்கும். அந்த கோல் விழுந்தபோது என் தோழி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், நான் எழுந்து நின்றுவிட்டேன், என்னை அறியாமல். திரும்பும்போது அவள் ஹேமார்க்கெட் வரை பேசவில்லை. ஸ்டேஷன் வாசலில் "நல்ல ஆட்டம்" என்று மட்டும் சொன்னாள். இப்போதும் நண்பர்கள்தான், இப்போதும் அந்த கோலைப் பற்றி அவளிடம் பேசுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஆட்டம் எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கே வைக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் – கிளாஸ்கோ

தம்பி சொல்வது சரி, டைன்காசில் நல்ல இடம். நானும் 2022 மே 29 அங்கேதான் போனேன், செல்டிக்கும் கிளாஸ்கோ சிட்டியும். எடின்பரோவுக்கு இரண்டு கிளாஸ்கோ அணிகளும் போக, பின்னால் நாங்களும் ரயில் ஏறிப் போனோம்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். காலையில் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு நித்திரை கொள்ளாமலே மகனோடு வெளிக்கிட்டேன். அவனுக்கு அப்போது பதினொரு வயது. செல்டிக் என்றால் உயிர், ஆண்கள் அணி, பெண்கள் அணி என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

எங்களுக்கு முன் கதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, செம்பட்டை முடி, பத்து வயது இருக்கும். அவளுடைய ஜேர்சியின் முதுகில் ஒரு பெயர், ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோள் வரைக்கும் வளைந்து போகிறது, எழுத்து எல்லாம் நெருக்கி நெருக்கி அடித்திருக்கிறது. கலபடஆரச்சி. எனக்கு முதலில் விளங்கவில்லை, திரும்ப வாசித்தேன். இலங்கைப் பெயர். ஜசிந்தா கலபடஆரச்சி, ஆஸ்திரேலியாவில் பிறந்த பிள்ளை, தகப்பன் வழியில் இலங்கை வேர், செல்டிக்கின் விங்கர் என்று மகன் சொன்னான். அவனுக்கு அது ஒரு வீராங்கனையின் பெயர், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. அது சிங்களப் பெயர், நாங்கள் ஊரைவிட்டு வந்த கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படியான ஒரு பெயரை, என் வேலையிடத்தில் என் பெயரைச் சொல்லக் கஷ்டப்படுகிற இந்த ஊரில், ஒரு சின்னப் பிள்ளை காசு கொடுத்து முதுகில் எழுதிக்கொண்டு வந்து, ஒரு எழுத்தும் பிசகாமல் கத்திக் கூப்பிடுகிறாள். நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷம்தான். வேறு என்னவும் சேர்ந்து இருந்தது, அதை வடிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய், ஐரிஷ் பிள்ளை இசி அட்கின்சன் போட்ட கோலில் 3-2 என்று செல்டிக் வென்றது. செல்டிக் பெண்களுக்கு முதலாவது ஸ்காட்டிஷ் கோப்பை. மகன் என் கையைப் பிடித்து ஆட்டிய ஆட்டில் நித்திரை எல்லாம் பறந்துபோனது. ரயிலில் வரும்போதுதான் தூங்கினேன், அவன் தோளில் சாய்ந்து. அதுவரை என் தோளில்தான் அவன் தூங்குவான்.

மணப்பாறை – அபெர்டீன்

நான் இறுதி ஆட்டம் பார்த்ததில்லை, பார்க்க நினைத்து நடக்காமல் போனதைச் சொல்கிறேன். 2020 ஜனவரியில் மணிப்பூரின் பாலா தேவி ரேஞ்சர்ஸில் சேர்ந்தார், இந்தியாவிலிருந்து ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்றில் தொழில்முறையாகச் சேர்ந்த முதல் பெண், கொடுத்த எண் 10. கோப்பை ஆட்டத்துக்கு எப்படியாவது கிளாஸ்கோ போய் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று லீவு எல்லாம் கணக்குப் போட்டு வைத்தேன். மார்ச்சில் எல்லாம் மூடிவிட்டார்கள். 2020, 2021 இரண்டு வருடமும் கோப்பையை யாரும் தூக்கவே இல்லை. 2020 டிசம்பரில் மதர்வெல்லுக்கு எதிராக அவர் தன் முதல் கோலைப் போட்டார், அதை போனில் பார்த்தேன், ஆளில்லாத மைதானத்தில், அவரோடு ஆடியவர்கள் மட்டும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அப்புறம் முட்டியில் அடிபட்டு 2022இல் ஊருக்குத் திரும்பிவிட்டார். காலி இருக்கையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதை எழுதினேன். அன்றைக்கு ஒரு இருக்கை கிடைத்திருந்தால் எந்த மைதானமாக இருந்தாலும் போயிருப்பேன்.

கோவில்பட்டி – கிளாஸ்கோ

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். யாழ்ப்பாணத்து அக்கா, நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், அவளுக்கும் முதுகில் எங்கள் பெயரை எழுத வேண்டுமாம்.

தம்பி, சத்தத்தைப் பற்றி நீ சொன்னது உண்மை. ஆனாலும் ஹாம்ப்டன்தான் என்று நான் நிற்பேன், காரணம் சொல்கிறேன். 2024 மே 26, ரேஞ்சர்ஸும் எடின்பரோ அணியான ஹார்ட்ஸும் மோதிய இறுதி ஆட்டத்துக்குப் பாட்டியோடு பேசிவைத்துச் சேர்ந்தே டிக்கெட் எடுத்தோம். அந்த வருடமும் லீக் கடைசி நாளில்தான் முடிந்தது. செல்டிக் தொண்ணூறாவது நிமிடத்தில் ஏமி காலகர் போட்ட கோலில் ஜெயித்து, புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் ரேஞ்சர்ஸைப் பின்னால் தள்ளியது. ஒரு வாரம் கழித்து ரேஞ்சர்ஸ் பெண்கள் 2-0 என்று ஹார்ட்ஸை வென்று முதல் தடவையாக ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கினார்கள். மறு வருடமும் அவர்கள்தான், கிளாஸ்கோ சிட்டியை 3-0.

அன்று நாங்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம், பாட்டிதான் அப்படிச் சொன்னார். வரிசை வரிசையாகக் காலி, நீ சொன்ன அதே காலி. தரையில் தண்ணீர் தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பாட்டி தன் பையை மகள் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். துணைக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். கீழே முன் வரிசைத் தடுப்பு வரைக்கும் போய், இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டு நின்றார். அங்கிருந்த காவலர் என்னவோ கேட்டார், இவர் என்னவோ பதில் சொன்னார், காவலர் நகர்ந்து வழி விட்டார். வீராங்கனைகள் உடற்பயிற்சிக்கு ஓடி வரும்வரை பாட்டி அங்கேயே நின்றார். காற்றில் தண்ணீர் அவர் மேலும் தெறித்திருக்க வேண்டும், திரும்பி வந்தபோது சாம்பல் கோட்டின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, அதைத் துடைக்காமலே உட்கார்ந்து, மகளிடமிருந்து பையை வாங்கி, டேப்ளட் பொட்டலத்தைப் பிரித்தார்.